ஏர் ரைபிள் குறி தப்புகிறதா? நீலகிரிக் குளிரிலும் ஈரத்திலும் பிழை தேடும் முறை

கோத்தகிரிப் பக்கம் எங்கள் ஹட்டியில், அதாவது படுகர் ஊரில், ஏர் ரைபிள் வைத்திருப்பவர்கள் நாலைந்து பேர் இருக்கிறோம். எல்லாம் குழலை மடக்கி ஸ்பிரிங்கை ஏற்றும் வகை. யாருடையதாவது சரியாக அடிக்கவில்லை என்றால் எங்கள் வீட்டுத் திண்ணைக்கு வந்துவிடும். "அண்ணா, ஸ்பிரிங் போயிடுச்சுங்க, மாத்தணும்" என்றுதான் எல்லோரும் ஆரம்பிப்பார்கள். இதுவரை வந்தவற்றில் பெரும்பாலானவற்றுக்கு ஸ்பிரிங் நன்றாகத்தான் இருந்தது. ரைபிளின் மரக்கட்டையில் ஒரு ஸ்க்ரூ தளர்ந்திருக்கும், பெல்லட் என்கிற சின்ன ஈயக்குண்டு கெட்டிருக்கும், இல்லையென்றால் மழைக்காலத்து ஈரம் எங்காவது உள்ளே போயிருக்கும். அதனால் பிழையை வெளியிலிருந்து உள்ளே தேடிப் போவதுதான் என் வழக்கம். ரைபிளைப் பிரிப்பது கடைசி வேலை. பல சமயம் அது தேவையே படாது.

திருப்புளிக்கு முன்னால் அட்டை

எந்தக் குறையாக இருந்தாலும் முதலில் 10 மீட்டரில் ஒரு குறி அட்டையை மாட்டி ஐந்து முறை சுடுங்கள். அட்டையின் ஓரத்தில் தேதி, வெயிலா மூடுபனியா, எந்த பெல்லட் என்று பென்சிலில் எழுதுங்கள். ஒரு மாற்றம் செய்தால் மறுபடி ஐந்து. ஒரே நேரத்தில் ஸ்க்ரூவையும் முறுக்கி பெல்லட்டையும் மாற்றிவிட்டால், எது சரிசெய்தது என்று கடைசிவரை தெரியாது.

அட்டைக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்பது இந்த மலையில் ரொம்ப முக்கியம். கல் கட்டிய வரப்பிலோ தார் டிரம்மிலோ அட்டையை மாட்டாதீர்கள். பெல்லட் திரும்பி வந்து கண்ணில் படும். ஒரு மரப்பெட்டியில் பழைய துணியை இறுக்கமாக அடைத்து, அதற்குப் பின்னால் ஒரு இரும்புத் தகடு வைத்தால் போதும். சரிவை நோக்கிச் சுடவே கூடாது. குறி தப்பிய பெல்லட் 300 மீட்டர் வரைகூடப் போகும். கீழே தேயிலைச் செடிகளுக்கு நடுவில் குனிந்து கொழுந்து பறிக்கிறவர் நம் கண்ணுக்குத் தெரியமாட்டார். கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள், பக்கத்தில் நிற்கும் பிள்ளைகளுக்கும் போட்டுவிடுங்கள்.

"ஒன்று அங்கே, ஒன்று இங்கே அடிக்கிறது"

அதிகம் வரும் புகார் இது. இதற்குக் காரணமும் அதிகம்.

முதலில் கட்டை ஸ்க்ரூக்கள். முன்கட்டையின் இரண்டு பக்கமும் ஒவ்வொன்று, சுட விரலால் இழுக்கும் விசைக்கு முன்னாலும் பின்னாலும் ஒன்றோ இரண்டோ இருக்கும். ஸ்பிரிங் ரைபிள் ஒவ்வொரு முறை சுடும்போதும் முதலில் பின்னால் உதைக்கும், அடுத்த நொடிக்குள், ஸ்பிரிங் தள்ளும் பிஸ்டன் முட்டி நிற்கும்போது முன்னால் உதைக்கும். இந்த இரட்டை உதையில் ஸ்க்ரூ தானாகத் தளரும். எங்கள் ஊரில் இன்னொன்றும் சேர்கிறது. மழைக்காலத்தில் மரக்கட்டை ஈரம் குடித்து ஊதும், பிப்ரவரி, மார்ச்சில் காய்ந்து சுருங்கும். அக்டோபரில் இறுக்கமாக இருந்த ஸ்க்ரூ மார்ச்சில் கையால் திருப்பினாலே சுற்றும். பொருத்தமான திருப்புளியால் அளவாக முறுக்குங்கள். பலம் காட்டினால் மரம் விரிந்துவிடும்.

அடுத்தது குழல் மடங்கும் இடத்தில் உள்ள போல்ட். குழலை மடக்கிப் பிடித்துக்கொண்டு இடவலமாக ஆட்டிப் பாருங்கள். ஆட்டம் இருந்தால் குழல் ஒவ்வொரு முறையும் வேறு இடத்தில் போய் உட்காரும். ஸ்கோப் (குறிபார்க்கும் தொலைநோக்கி) மாட்டியிருந்தால் அதன் பிடிகளையும் பாருங்கள். பிடி பின்னுக்கு நகர்ந்திருந்தால் அதை மாட்டும் பள்ளத்தில் ஒரு பளபளப்பான கீறல் தெரியும். ஸ்கோப்பே உள்ளுக்குள் உடைந்திருக்கவும் கூடும். பின் உதையை மட்டும் தாங்கச் செய்த ஸ்கோப் இந்த முன் உதையைத் தாங்காது. பெரிய துப்பாக்கியில் இருந்ததாயிற்றே என்று நம்பி மாட்டாதீர்கள். சந்தேகமாக இருந்தால் ஸ்கோப்பைக் கழற்றிவிட்டு ரைபிளிலேயே உள்ள இரும்புக் குறியில் ஐந்து சுட்டுப் பாருங்கள். சிதறல் நின்றால் குற்றவாளி யார் என்று தெரிந்துவிடும்.

அப்புறம் பெல்லட். இது ஈயம். ஈர வீட்டில் டப்பாவைத் திறந்து வைத்தால் மேலே வெள்ளை மாவு பூக்கும். போன ஆண்டு நவம்பரில் அப்படி ஒரு டப்பாவைத் திறந்தேன். மேலடுக்கு முழுக்கச் சாம்பல் பூசியது போல இருந்தது. கீழே இருந்தவை பளிச்சென்று இருந்தன. பூத்தவற்றைச் சுடாதீர்கள், கையால் அளையவும் வேண்டாம், தொட்டால் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். நல்லவற்றிலும் பாவாடைபோல் விரிந்த பின்விளிம்பு நசுங்கியது இருக்கும். ஒரு கண்ணாடித் துண்டைச் சாய்த்து வைத்து ஒவ்வொன்றாக உருட்டிவிட்டால், நல்லது ஒரே மாதிரி வளைந்து உருளும், நசுங்கியது தத்தித் தத்தி வேறு பக்கம் போகும். ஒரு டப்பாவைப் பிரிக்க அரை மணி நேரம் ஆகும். சிதறல் பாதியாகக் குறைவதை நீங்களே பார்ப்பீர்கள்.

இவ்வளவும் சரியாக இருந்து இன்னும் சிதறினால், பிடியில்தான் கோளாறு. இறுகப் பிடித்தால் குறி நிற்கும் என்று நினைக்கிறோம். ஸ்பிரிங் ரைபிளுக்கு நேர் எதிர். பெல்லட் குழலை விட்டு வெளியேறும் முன்பே ரைபிள் அசையத் தொடங்கிவிடுகிறது. அந்த அசைவை ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரி நடக்க விடுவதுதான் வித்தை. இடது உள்ளங்கையைத் திறந்து, ரைபிளின் எடை சமமாக நிற்கும் இடத்தில் தாங்குங்கள். விரல்கள் கட்டையைச் சுற்றிப் பிடிக்க வேண்டாம். தோளில் மெதுவாகச் சாய்த்தால் போதும். கல் சுவரிலோ மேஜை விளிம்பிலோ நேரடியாக வைத்துச் சுட்டால் குழல் துள்ளி மேலே அடிக்கும். நடுவில் உங்கள் கை இருக்கட்டும்.

என் அக்கா மகனுக்கு இதைச் சொல்லிக்கொடுத்த நாள் நன்றாக நினைவிருக்கிறது. "மாமா, விட்டா கீழ விழுந்துடுமே" என்று பயந்து பிடித்திருந்தான். அவன் விரல்களை ஒவ்வொன்றாக நான்தான் பிரித்துவிட்டேன். அடுத்த ஐந்தும் ஒரு ரூபாய் நாணயத்துக்குள் விழுந்தன. அந்த அட்டை இன்னும் அவன் படிக்கும் மேஜைக்கு மேல் ஒட்டியிருக்கிறது.

பிள்ளைகள் தொலைக்காட்சியில் 10 மீட்டர் போட்டியைப் பார்த்துவிட்டு வந்து மனம் உடைவதுண்டு. அபினவ் பிந்த்ரா 2008ல் பெய்ஜிங்கில் தங்கம் வென்றதும், கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன் சுடுவதும் அடைத்த காற்றில் இயங்கும் ரைபிளில். அதில் உதை அநேகமாக இல்லை. அந்த அட்டையில் பத்து மதிப்பெண் தரும் நடுப்புள்ளியின் அகலம் அரை மில்லிமீட்டர்தான். நம் ஸ்பிரிங் ரைபிளை அதோடு ஒப்பிடாதீர்கள். 10 மீட்டரில் நாணய அளவுக்குள் ஐந்தும் விழுந்தால் ரைபிளும் நீங்களும் நலம்.

"காலையில் கீழே, மதியம் மேலே"

ஜனவரியில் ஊட்டிக்கு அருகே காந்தல், தலைகுந்தா பக்கம் புல்மேல் உறைபனி வெள்ளையாகப் படிந்திருக்கும். அந்தக் குளிரில் உள்ளே இருக்கும் கிரீஸ் கெட்டிப்படும், பிஸ்டன் சோம்பலாக நகரும், பெல்லட்டின் வேகம் குறையும். முதல் ஐந்தாறு குண்டுகளைக் கணக்கில் எடுக்காதீர்கள். ரைபிளை இருபது நிமிடம் முன்பே வெளியே எடுத்து நிழலில் வைத்து, ஊரின் குளிருக்குப் பழகவிட்டுச் சுடுங்கள். குறியை அன்றைக்கே திருகி மாற்றிவிட்டால் மதியம் வெயில் வந்ததும் எல்லாம் மேலே போகும்.

இங்கே தேங்காய் எண்ணெயைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். நம் ஊரில் பாட்டிலில் தேங்காய் எண்ணெய் ஆண்டில் பாதி நாள் உறைந்துதான் கிடக்கும், அடுப்போரம் வைத்துத்தான் ஊற்றுகிறோம். சுமார் 24 டிகிரிக்குக் கீழே அது கட்டியாகிவிடும். அதே எண்ணெயைக் கீல், விசை என்று எல்லாவற்றிலும் விட்டுக்கொண்டு வந்தார் ஒருவர். விசையை இழுத்தால் ஒரு கணம் யோசித்துவிட்டு விழுந்தது. திறந்து பார்த்தால் மெழுகு பூசியது போல வெள்ளையாகப் படிந்திருந்தது. துடைத்து எடுக்க ஒரு மாலை முழுவதும் போனது.

"கோயம்புத்தூரில் சரியாக இருந்தது, ஊட்டியில் உதைக்கிறது"

பொய்யில்லை, காரணம் உண்டு. ஊட்டி கடல் மட்டத்திலிருந்து சுமார் 2240 மீட்டர், கோவை சுமார் 410. ஊட்டியில் காற்றழுத்தம் கடலோரத்தைவிட ஏறக்குறைய கால் பங்கு குறைவு. பிஸ்டன் முன்னால் பாயும்போது அதற்கு மெத்தையாக இருப்பது உள்ளே அடைபட்ட காற்றுதான். காற்று மெலிந்தால் மெத்தையும் மெலியும். பிஸ்டன் கடைசியில் கொஞ்சம் கடினமாக முட்டும், அதிர்வு கூடும். என் ரைபிளில் மிக லேசான பெல்லட்டை விட்டுவிட்டு ஒரு படி கனமானதைப் போட்டதும் அந்த அதிர்வு அடங்கியது. வெளியே வந்த பெல்லட்டுக்கோ காற்றின் தடை இங்கே குறைவு. 10 மீட்டரில் வித்தியாசம் தெரியாது, 30 மீட்டரில் தெரியும். மலையேறியதும் குறியைப் புதிதாக வைத்துக்கொள்ளுங்கள், அவ்வளவுதான்.

"எல்லாம் ஒரே இடத்தில்தான், ஆனால் ரொம்ப மேலே"

குறியை எவ்வளவு இறக்கினாலும் போதவில்லை என்றால் குழல் வளைந்திருக்கலாம். மடக்கிய நிலையில் யாரோ விசையை இழுத்திருப்பார்கள். குழல் படாரென்று மேலே அடித்து மூடும்போது மேல்நோக்கி வளைந்துவிடும். வீட்டில் நிமிர்த்தாதீர்கள்.

இதே விபத்துதான் விரலையும் வெட்டும். பெல்லட் வைக்கும்போது ஒரு கை குழலின் நுனியை விடாமல் பிடித்திருக்க வேண்டும், விசைப் பக்கம் விரல் போகவே கூடாது. பிள்ளைகளுக்கு மற்ற எதையும் சொல்லும் முன் இதைச் சொல்லுங்கள்.

"வேகம் குறைந்துவிட்டது"

பெல்லட் அட்டையைத் துளைக்காமல் ஒட்டிக்கொண்டு நிற்கிறதா? குழல் மூடும் வாயில் கறுப்பாக ஒரு ரப்பர் வளையம் இருக்கும், அதைப் பாருங்கள். வெடித்தோ தட்டையாகவோ இருந்தால் காற்று அங்கேயே கசிகிறது. மெல்லிய டிஷ்யூத் துண்டு ஒன்றை மூடிய வாயின் மேல் டேப்பால் தொங்கவிட்டுச் சுடுங்கள். தாள் துள்ளினால் கசிவு உறுதி. வளையம் சில ரூபாய்தான். புதியது கிடைக்கும்வரை, பழைய வளையத்துக்கு அடியில் மெல்லிய காகிதத்தை வட்டமாக வெட்டி வைத்தால் அது எழும்பி உட்காரும்.

வளையம் நன்றாக இருந்தால் கோளாறு பிஸ்டனின் முனையில் காற்றை அடைக்கும் வாஷரில் அல்லது ஸ்பிரிங்கில். மடக்கும்போது கரகரவென்று அரைக்கும் சத்தமும், சுட்டதும் 'டொய்ங்' என்று கம்பி அதிர்வதும் ஸ்பிரிங் உடைந்ததற்கு அடையாளம். இதைத் திறக்க முயலாதீர்கள். உள்ளே ஸ்பிரிங் அழுத்தத்தில்தான் உட்கார்ந்திருக்கிறது. அதற்கென்று உள்ள அழுத்துக் கருவி இல்லாமல் பின்மூடியைக் கழற்றினால் அது முகத்தைப் பார்த்துப் பறக்கும்.

ஸ்பிரிங் சீக்கிரம் சோர்ந்துபோக இரண்டு பழக்கம் காரணம். ஒன்று, ஏற்றிய ரைபிளை மணிக்கணக்கில் அப்படியே வைப்பது. இன்னொன்று, பெல்லட் இல்லாமல் வெறுமனே சுடுவது.

"புகை வருகிறது, வெடிபோலச் சத்தம்"

புது ரைபிளில் முதல் இருபது முப்பது குண்டுக்கு லேசான புகை வரும். தொழிற்சாலை எண்ணெய் எரிகிறது, பயம் வேண்டாம். அதற்குப் பிறகும் ஒவ்வொரு முறையும் பட்டாசு போல வெடித்து, கருகிய எண்ணெய் வாடை வந்தால் நிறுத்துங்கள். அழுத்தப்படும் காற்று பயங்கரமாகச் சூடாகும். அங்கே தையல் மிஷின் எண்ணெயோ, துரு நீக்கும் ஸ்பிரேயோ, இஞ்சின் ஆயிலோ இருந்தால் டீசல் இஞ்சினில் நடப்பதுதான் நடக்கும், அந்தச் சூட்டில் எண்ணெய் தானே பற்றி வெடிக்கும். வாஷர் கருகும், ஸ்பிரிங் உடையும். நான் முதன்முதலில் வாங்கிய ரைபிளுக்கு விற்றவரே நாலு சொட்டு விட்டுக் கொடுத்தார். ஒரே மாதத்தில் வாஷர் போய்விட்டது. காற்றறைக்குள் எதுவும் விடாதீர்கள். விட்டே ஆகவேண்டும் என்று மெக்கானிக் சொன்னால் சிலிக்கோன் எண்ணெய் ஒரு சொட்டு.

"பெல்லட் குழலுக்குள் சிக்கிக்கொண்டது"

இன்னொன்றைச் சுட்டுத் தள்ளாதீர்கள். ஸ்பிரிங் ஏற்றாத நிலையில் குழலை மடக்கி, முன்வாய்ப்பக்கமாகப் பித்தளைக் கம்பியையோ மரக்குச்சியையோ விட்டு மெதுவாகத் தள்ளுங்கள். பிறகு குழலைத் துடைக்க, அவலாஞ்சிப் பக்கம் மீன் பிடிக்கப் போகிறவர்கள் வைத்திருக்கும் தடித்த நைலான் நரம்பு போதும். அதன் முனையில் சிறு துணியைக் கட்டி, பின்வாயில் நுழைத்து முன்னால் இழுங்கள். இரும்பு பிரஷ் வேண்டாம்.

"துடைத்து வைத்தேன், ஆனாலும் துரு"

கூடலூர், பந்தலூரில் ஜூனிலிருந்து ஆகஸ்ட் வரை, கோத்தகிரி, குன்னூரில் அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை, இரும்புக்கு இது சோதனைக் காலம். பஞ்சு வைத்த பெட்டியில் பூட்டி வைப்பதுதான் பெரும் தவறு. பஞ்சு ஈரத்தைக் குடித்துக் குழலோடு ஒட்டி வைத்திருக்கும். ஒரு தீபாவளிக்கு என் பெட்டியைத் திறந்தபோது பஞ்சின் மடிப்பு எப்படி இருந்ததோ அப்படியே குழலில் செம்பழுப்பாக அச்சு விழுந்திருந்தது.

குளிரில் இருந்து எடுத்து வந்த ரைபிளை நேராக விறகு அடுப்பு எரியும் அறைக்குள் கொண்டுபோனால் உலோகம் முழுக்க வியர்க்கும். வெளித் திண்ணையில் அரை மணி நேரம் விட்டு, பின் உள்ளே கொண்டுவந்து துடைத்து, துப்பாக்கி எண்ணெய் தொட்ட துணியால் வெளிப்புறத்தை மட்டும் ஒரு முறை தடவுங்கள். விரல் ரேகை பட்ட இடத்தில்தான் துரு முதலில் பூக்கும். காற்றோட்டமுள்ள மர அலமாரியில் நிறுத்தி வைத்துப் பூட்டுங்கள். ஸ்கோப்பைத் தனியாகக் கழற்றி, மூடியிறுகும் டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு வையுங்கள். கண்ணாடிக்குள் சிலந்தி வலைபோல் பூஞ்சை வந்துவிட்டால் வீட்டில் எடுக்க முடியாது.

"கேரட்டை முயல் தின்கிறது, ஒன்று தட்டலாமா?"

இதுவும் ரைபிளோடு வரும் கேள்விதான், அதனால் இங்கேயே சொல்கிறேன். கூடாது. குழல் துளை 4.5 மில்லிமீட்டருக்கும் பெல்லட் வெளியேறும் ஆற்றல் 20 ஜூலுக்கும் மேற்படாத ஏர் ரைபிளுக்கு 2016 ஆயுத விதிகளின்படி உரிமம் வேண்டாம், அது உண்மை. அந்த விலக்கு ரைபிளை வைத்திருப்பதற்குத்தான். முயல், காட்டுக்கோழி, கவுதாரி, மலை அணில் எல்லாம் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குள் வருகின்றன. கொன்றால் மட்டுமல்ல, காயப்படுத்தினாலும் முயன்றாலும் அது வேட்டை. காகம், எலி, பழந்தின்னி வௌவால் என்று முன்பு இருந்த தொல்லை விலங்குப் பட்டியலையும் 2022 திருத்தம் எடுத்துவிட்டது. இணையத்தில் பிரிட்டன்காரர் ஏர் ரைபிளில் முயல் சுடுவதைப் பார்க்கிறோம். அந்த நாட்டில் முயல் பயிர்த்தொல்லை, சட்டம் அனுமதிக்கிறது. அங்கேகூட ஒழுங்கான வேட்டைக்காரர், ஐந்து குண்டும் நாணயத்துக்குள் விழும் தூரத்துக்கு அப்பால் விசையைத் தொடமாட்டார்.

இந்த மலைக்கு இந்தக் கட்டுப்பாடு புதிதும் அல்ல. 1877ல் ஊட்டியில் வேட்டையாடிகளே கூடி ஒரு சங்கம் தொடங்கினார்கள். 1879ல் நீலகிரிக்கென்றே வேட்டை விலங்கு, மீன் பாதுகாப்புச் சட்டம் வந்தது. சுட்டுக்கொண்டே போனால் மிஞ்சாது என்பது சுட்டவர்களுக்கே அப்போது புரிந்திருக்கிறது.

சிறுவயதில் பக்கத்துத் தோட்டத்தில் ஒருவர் ஏர்கன்னால் சுட்ட காட்டுக்கோழி ஒன்று சாகாமல் உண்ணிச்செடிப் புதருக்குள் ஓடியது. ஒரு இறக்கை தரையில் கோடு போட்டுக்கொண்டே போனது. மாலைவரை தேடினோம், கிடைக்கவில்லை. பெல்லட்டின் சக்தி அவ்வளவுதான். பல சமயம் உயிரை நிறுத்தாது, வலியை மட்டும் கொடுக்கும்.

முயலுக்கு மருந்து வேலிதான். முயல் தாண்டாத உயரத்துக்குச் சிறுகண் கம்பி வலை, அதன் அடியில் அரை அடியை வெளிப்பக்கமாக மடித்து மண்ணுக்குள் புதையுங்கள். அடியில் நுழையப் பார்க்கும் முயல் வலை தட்டித் திரும்பிவிடும்.

மெக்கானிக்கிடம் போகும்போது

வாஷர், ஸ்பிரிங், விசைப்பெட்டி, வளைந்த குழல், இந்த நாலுக்கும் தெரிந்தவர் கை வேண்டும். விசையை இழுக்காமலே ரைபிள் சுட்டுவிட்டாலோ, ஏற்றிய ஸ்பிரிங் நிற்காமல் நழுவினாலோ அன்றைக்கே நிறுத்திவிடுங்கள், இன்னொரு முறை சோதித்துப் பார்க்க வேண்டாம். பெல்லட் எடுத்துவிட்டதை உறுதி செய்து, ஸ்பிரிங் ஏற்றாமல், துணியில் சுற்றிக் கொண்டுபோங்கள். கூடவே அந்த அட்டைகளையும் தேதி வரிசையில் அடுக்கி எடுத்துப் போங்கள். போன மாதம் கட்டபெட்டிலிருந்து ஒருவர் ஏழு அட்டையோடு வந்தார். நாலாவது அட்டையிலிருந்துதான் குண்டுகள் வலப்பக்கம் ஏறத் தொடங்கியிருந்தன. அதன் ஓரத்தில் பென்சிலில், "கட்டையை மாட்டிவிட்டேன், ஒரு வாஷர் மிஞ்சியது" என்று அவரே எழுதியிருந்தார்.